கரடிப் பாவை பேசிய தாய்மொழி

உண்ணாதிருந்து உயிர்விடுவேன் என்று அறுபத்தேழு அகவை முதியவர் ஒருவர் 1980ஆம் ஆண்டு மே மாதத்தில் சூளுரைத்தார். அவர் நாடாளும் உரிமை கேட்டாரல்லர். தம் மக்கள் தம் மொழியிற் பார்த்துக் கேட்டு மகிழ்தற்கு ஒரு தொலைக்காட்சி அலைவரிசை வேண்டும் என்பதே அவர் கேட்டது. குவின்வோர் எவான்சு என்பது அவர் பெயர். பிரித்தானியத் தீவின் மேற்கே கிடக்கும் வேல்சு நாட்டின் விடுதலைக் கட்சியாகிய பிளைடு கும்ரியின் தலைவர் அவர். 1966இல் அக்கட்சியின் முதல் உறுப்பினராக இலண்டன் நாடாளுமன்றத்திற்குள் நுழைந்தவர். அக்தோபர் 6ஆம் நாள் நோன்பு தொடங்கும் என நாளுங் குறித்துவிட்டார்.

'தமிழ்நாடு' என்னும் பெயரை வேண்டி 1956இல் 76 நாள் உண்ணாதிருந்து உயிர்நீத்த சங்கரலிங்கனாரை ஈன்ற மண்ணினர்க்கு இத்தகைய சூளுரையின் எடையை எவரும் நிறுத்துக் காட்ட வேண்டுவதில்லை. இலண்டன் அரசினர்க்கோ அஃது விளங்கச் சில மாதங்கள் ஆயின. செப்டம்பர் 17ஆம் நாள் தாட்சர் அம்மையாரின் அரசு பணிந்தது. 1982 நவம்பர் முதல் நாள் வேல்சு மொழிக்குரிய நான்காம் அலைவரிசை ஒளிபரப்பைத் தொடங்கிற்று. அம்மாதத்திலேயே, அதன் முதற்றொடர்களுள் ஒன்றாக, குழந்தைகளின் முன் வந்து நின்று வேல்சு மொழி பேசியது ஒரு கரடிப் பாவை.

ஒரு முதியவரின் உயிரையும் ஒரு பாவைக் கரடியின் படத்தையும் ஒரே மூச்சிற் சொல்வதா என நகைப்பார் உளர். மொழிப் போராட்டம் என்பது ஆட்சிமன்றத்திலும் வழக்குமன்றத்திலும் பல்கலைக்கழகத்திலும் மட்டுமே நிகழ்வது, குழந்தைகள் பார்க்கும் படம் வெறும் பொழுதுபோக்கு என்று கருதுவோரே அவ்வாறு நகைப்பர். அவர்கள் இரண்டு வரலாறுகளை அறிதல் வேண்டும். ஒன்று வேல்சு மக்களுடையது, மற்றொன்று அசைவோவியத்துடையது.

'வேல்சு' என்பது அம்மக்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயரன்று. வந்தேறிய செருமானிய இனத்தார், அயலார் எனப் பொருள்படும் தம் சொல்லால் அம்மண்ணின் மக்களையே சுட்டினர். அச்சொல்லின் வழிவந்ததே இப்பெயர். வந்தவன் இருந்தவனை அயலான் என்றழைத்த கொடுமை அது! அவர்கள் தம் நாட்டைக் 'கும்ரி' என்பர். 1536ஆம் ஆண்டின் இணைப்புச் சட்டம் ஆங்கிலத்தை அந்நாட்டு வழக்குமன்றங்களின் மொழியாக்கிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில், பள்ளியில் தாய்மொழி பேசிய குழந்தையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிடும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. அடுத்துத் தாய்மொழி பேசிய பிள்ளைக்கு அஃது மாறும். மாலையில் எவன் கழுத்தில் அஃது கிடக்கிறதோ அவனுக்கு அடி விழும். தோழனைக் காட்டிக்கொடுத்தால் தான் தப்பலாம் என்னும் சூழ்ச்சி அதிற் பொதிந்திருந்தது.

1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வேல்சு மொழி பேசியோர் நூற்றுக்கு 43 பேர்க்கு மேல் இருந்தனர்; 1981இல் 19 பேருக்கும் சற்றுக் குறைந்தனர். இவ்வெழுபது ஆண்டு வீழ்ச்சியில் பள்ளிக்கும் பங்குண்டு, பிழைப்புத் தேடிய குடிபெயர்வுக்கும் பங்குண்டு. ஆயின் பிற்பகுதியில் வீட்டுக்குள்ளேயே ஓர் ஆங்கில ஆசிரியன் வந்து அமர்ந்துகொண்டான். ஊதியம் கேளாதவன், கையிற் கோல் இல்லாதவன், குழந்தை விரும்பித் தேடிச் செல்லும் ஆசிரியன் அவன். தொலைக்காட்சிதான் அது. மரத்துண்டு தொங்கிய கழுத்தினரேனும் தம் மொழி பறிபோவதை உணர்ந்தனர். படம் பார்த்துச் சிரித்த குழந்தை உணரவில்லை.

இனி, அசைவோவியத்தின் வரலாறு. 'கார்ட்டூன்' என்று தமிழ்நாட்டு வீடுகளில் வழங்கும் இவ்வோவியம் முதலில் திரையரங்குகளுக்கெனப் பிறந்தது. (இயங்குபடம் எனினும் ஆம், எச்சொல்லாயினும் எடுத்து வழங்குதலே வேண்டுவது.) திரையில் நொடிக்கு 24 படங்கள் ஓடும். அதற்கு ஈடுகொடுத்து ஒவ்வோர் அசைவையும் கையால் வரைந்தனர். தாம், செர்ரி என்னும் பூனையும் எலியும் துரத்திய துரத்தலில் பேச்சென்பது அரிது. இசையும் அசைவுமே அங்கே மொழி. ஆதலின் அப்படங்கள் எந்நாட்டுக் குழந்தைக்கும் விளங்கின. எந்நாட்டு மொழியையும் விழுங்கவில்லை.

தொலைக்காட்சி வந்தபின் இந்நிலை தலைகீழாயிற்று. தாமையும் செர்ரியையும் படைத்த வில்லியம் ஆன்னா, சோசப்பு பார்பெரா என்னும் இருவர்க்கும் படியளந்து வந்த பெருநிறுவனம் 1957இல் தன் ஓவியக்கூடத்தை மூடிற்று. அவர்கள் அவ்வாண்டே தொலைக்காட்சிக்கு வரையத் தொடங்கினர். தொலைக்காட்சி கொடுத்த பணமோ சிறிது. கேட்ட படமோ மிகுதி. எனவே வரைவதைக் குறைக்கும் வழி தேடினர். உடலை அசையாது நிறுத்தி, வாயையும் கண்ணையும் ஒரு கையையும் மட்டும் அசைத்தனர். ஓடும் உருவத்தின் பின்னே ஒரே மரமும் ஒரே வீடும் மீண்டும் மீண்டும் வந்தன. அவர்தம் யோகிக் கரடியின் கழுத்தில் ஒரு கழுத்துப்பட்டை இருக்கும். அஃது அழகுக்கென வரைந்ததன்று. தலையைத் தனித்தாளிலும் உடலைத் தனித்தாளிலும் வரைந்தால் பொருந்துமிடம் தெரியாதிருத்தற்கு இட்ட மறைப்பு அது. சப்பானில் ஒசாமு தெசுக்கா 1963 சனவரி முதல் நாள் ஒளிபரப்பத் தொடங்கிய பொறிச் சிறுவன் தொடரும் இத்தகைய சிக்கனத்தாலேயே கிழமைதோறும் வர இயன்றது.

அசைவைக் குறைத்தால் கதையை எதனால் நகர்த்துவது? பேச்சினால். இவ்விடத்தேதான் மொழிப்பற்றாளர் கூர்ந்து நோக்க வேண்டிய திருப்பம் நிகழ்ந்தது. திரையரங்கில் கண்ணுக்கு விருந்தாயிருந்த ஓவியம் தொலைக்காட்சியில் காதுக்கு உணவாகிவிட்டது. பழைய முறையில் ஊறிய ஓவியர் சக்கு சோன்சு இப்புதுப் படங்களைப் 'படம் வரைந்த வானொலி' என்று எள்ளினார். அவர் கலையின் தரத்தைக் கருதி எள்ளினார். ஆயின் தம்மை அறியாமலே ஓர் உண்மையைச் சொல்லிவிட்டார். தொலைக்காட்சி அசைவோவியம் நாள்தோறும் நடக்கும் ஒரு மொழிப்பாடம். ஒரே சொற்றொடர் நூறுமுறை வரும், ஒரே குரல், ஒரே உருவம், சிரிப்போடு கலந்த பொருள். இதனினும் சிறந்த மொழிப் பள்ளியை எந்தக் கல்வியறிஞரும் அமைத்ததில்லை.

மேலும், அசைவோவியத்தின் வாய்க்கு வடிவங்கள் சிலவே. மெய்யான நடிகனின் உதடு எம்மொழியில் அசைந்தது என்பதை மறைத்தல் அரிது. ஓவிய வாய்க்கு எம்மொழியையும் எளிதிற் பொருத்தலாம். ஒரு மொழியை மற்றொரு மொழியினரின் வீட்டுக்குள் புகுத்துதற்கு இதனினும் எளிய ஊர்தியில்லை.

இவ்வூர்தி எங்கெல்லாம் செல்லும் என்பதற்கு வங்கநாடே சான்று. 1952 பிப்பிரவரி 21ஆம் நாள் தாக்கா நகரில் தாய்மொழிக்கென மாணவர் குருதி சிந்திய மண் அது. அந்நாளையே உலகத் தாய்மொழி நாளாக யுனெசுக்கோ 1999இல் அறிவித்தது. உருதுவை எதிர்த்து உயிர்கொடுத்து, அவ்வெழுச்சியின் வழியே 1971இல் தனிநாடும் கண்ட அம்மக்களின் பேரக் குழந்தைகள், ஒரு நீலநிறப் பொறிப் பூனையின் வாயிலாக இந்தி பேசக் கற்றனர்! தோரேமான் என்னும் அப்பூனை சப்பானில் 1969இல் வரைபடக் கதையாய்ப் பிறந்து, 1979 முதல் தொலைக்காட்சியில் நிலைத்தது. இந்தியாவிலிருந்து வந்த அலைவரிசை அதற்கு இந்திக் குரல் கொடுத்து வங்க வீடுகளுக்குள் செலுத்திற்று. படையெடுப்பில்லை, சட்டமில்லை, பள்ளியிற் கட்டாயமுமில்லை. குழந்தைகள் தம்முள் விளையாடும்போதே இந்தி பேசினர். பெற்றோர் கலங்கினர், செய்தி நாடாளுமன்றம் வரை சென்றது. 2013 பிப்பிரவரியில், மொழி ஈகியரை நினைவுகூரும் அதே மாதத்தில், வங்கநாட்டு அரசு இந்தித் தோரேமானுக்குத் தடை விதித்தது. பின்னாளில் அதே பூனை வங்கமொழி பேசி வந்தது. பூனைமேல் எக்குற்றமும் இல்லை, குரல்தான் வழக்குக்குரியது.

அதே ஊர்தியில் தம் மொழியை ஏற்றிக்கொண்டோரும் உளர். இசுப்பானியாவில் பிராங்கோவின் கொடுங்கோல் 1939 முதல் 1975 வரை கத்தலான் மொழியைப் பொதுவாழ்விலிருந்து துரத்திற்று. அவன் மறைந்தபின் தன்னாட்சி பெற்ற கத்தலோனியர் 1983இல் தமக்கென ஒரு தொலைக்காட்சியை நிறுவினர். சப்பானியர் அகிரா தோரியாமா படைத்த வால்முளைத்த சிறுவனின் கதையை அத்தொலைக்காட்சி 1990இல் 'போலா தெ திராக்கு' என்ற பெயரிற் கத்தலானில் தந்தது. கத்தலான் பேசும் வீட்டுக் குழந்தைகள் பார்த்தனர். பிற பகுதிகளிலிருந்து குடியேறிய காசுதிலிய மொழி வீட்டுக் குழந்தைகளும் பார்த்தனர். தாய்தந்தையர் அறியாத மொழியை ஒரு தலைமுறை மாலைப்பொழுதில் சிரித்துக்கொண்டே கற்றது. மேடையில் ஆயிரம் முறை முழங்கினும் இது கைகூடியிராது.

எனினும் குரலை மாற்றுதல் பாதி வேலையே. மீதிப் பாதியைச் செய்தவர் வேல்சு மக்கள். அதற்கு அவர்கள் நடந்த வழி நெடியது. அறிஞர் சாண்டர்சு இலூயிசு 1962 பிப்பிரவரியில் வானொலியில் ஆற்றிய 'மொழியின் ஊழ்' என்னும் உரை இளைஞரைத் தட்டியெழுப்பிற்று. அவ்வாண்டே வேல்சு மொழிக் கழகம் தோன்றியது. தொலைக்காட்சிக் கோபுரங்களில் ஏறினர், உரிமக் கட்டணம் செலுத்த மறுத்தனர், சிறைபுகுந்தனர். நான்காம் அலைவரிசையை வேல்சு நாட்டில் வேல்சு மொழிக்கே தரலாம் என அரசு அமர்த்திய குழுவே 1974இற் பரிந்துரைத்தது. 1979ஆம் ஆண்டுத் தேர்தலில் இரு பெருங்கட்சிகளும் அதற்கு வாக்களித்தன. வென்று வந்த தாட்சர் அரசின் உள்துறை அமைச்சர் வைட்லா அவ்வாண்டு செப்டம்பரிலேயே கைவிரித்தார். ஆட்சியாளர் வாக்கு எந்நாட்டிலும் ஒன்றே போலும்! அடுத்த மாதம் பென்கர்ரெகு என்னுமிடத்து ஒளிபரப்பு நிலையத்துட் புகுந்து, அதை நிறுத்தினர் மூவர். கல்வியிற் சிறந்த, அகவை முதிர்ந்த பெரியோர் அவர்கள். எவான்சின் சூளுரை அதன்பின் வந்தது.

இவ்வாறு பெற்ற அலைவரிசையை எதனால் நிரப்புவது? ஆங்கிலப் படங்களை வாங்கி வேல்சு மொழிக் குரல் ஏற்றினால் செலவு குறையும், வேலையும் எளிது. ஆயின் அலைவரிசையார் தொடக்கத்திலேயே தம் நாட்டில் வரையப்படும் படங்களுக்குப் பணம் ஒதுக்கினர். மைக்கு யங்கு என்பவர், இருளுக்கு அஞ்சிய தம் மகனை உறங்கவைக்கச் சொன்ன கதையை நூலாக்கியிருந்தார். தொழிற்சாலையில் பழுதென்று ஒதுக்கி இருட்டறையில் எறியப்பட்ட ஒரு கரடிப் பாவை. வேற்றுக் கோளிலிருந்து வந்த புள்ளியுடம்பன் ஒருவன் அதற்கு உயிரூட்டுகிறான். இயற்கைத் தாய் அதற்கு ஆற்றல் தருகிறாள். சூப்பர்டெடு என்பது அதன் பெயர். நூல் ஆங்கிலத்திலேதான் வந்திருந்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. எனினும் வேலை வேல்சு நாட்டை விட்டுப் போகக் கூடாது என்று கருதிய யங்கு, தலைநகர் கார்டிப்பிலேயே ஓர் ஓவியக்கூடம் அமைத்தார். அதற்கு இட்ட பெயரும் 'சிரியோல்', மகிழ்ச்சி தருவது எனப் பொருள்படும் வேல்சு மொழிச் சொல். வேல்சு மொழியிற் கரடிக்குக் குரல் கொடுத்தவர் பாவலரும் பாடகருமான கெரைந்து சார்மன்.

கரடி முதலில் வேல்சு மொழி பேசிற்று. ஆங்கிலக் குழந்தைகள் ஓராண்டு காத்திருந்து 1983இல் பி.பி.சி. வழியே அதைக் கண்டனர். 1984இல் அமெரிக்கத் திசினி அலைவரிசை அதை வாங்கிற்று. அவ்வலைவரிசை ஒளிபரப்பிய முதற் பிரித்தானிய அசைவோவியத் தொடர் அதுவே. அத்தொடரின் தீயவன் யார் தெரியுமா? தெக்சாசு பீட்டு என்னும் அமெரிக்க மாடுமேய்ப்பன்! அவனையும் பணங்கொடுத்தே அமெரிக்கர் வாங்கிப் பார்த்தனர். ஐந்து இலக்கம் பேரின் மொழிக்கென எழுந்த அலைவரிசையில் தொடங்கிய ஒரு பாவை, உலகையே தன் படங்களால் மூடியிருந்த நாட்டின் வாயிலைத் தட்டித் திறந்தது.

அதனோடும் அவர்கள் நின்றாரல்லர். ஆங்கிலரின் தலைப்பாவலராகிய சேக்சுபியரின் பன்னிரு நாடகங்களை, ஒவ்வொன்றும் அரைமணி அளவினதாக, மாசுக்கோவின் ஓவியக்கூடத்தாரைக் கொண்டு வரைவித்து 1992இலும் 1994இலும் வெளியிட்டதும் இவ்வலைவரிசையின் முயற்சியே. சேக்சுபியரை ஆங்கிலக் குழந்தைகளுக்கே அசைவோவியமாக்கிக் காட்டியவர், ஒருகாலத்தில் மரத்துண்டு சுமந்தோரின் வழித்தோன்றல்கள்.

இத்துணைக்குப் பின்னும் வேல்சு மொழி மீண்டுவிட்டதா என்று வினவுதல் முறையே. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதைப் பேசுவோர் நூற்றுக்கு 20.8 என ஏறினர். நூறாண்டு வீழ்ச்சி முதன்முறையாகத் திரும்பிற்று. பின்னர் 2011இல் 19 எனவும் 2021இல் 17.8 எனவும் இறங்கினர். தலைக்கணக்கில் 5 இலக்கத்து 38 ஆயிரம் பேர். பள்ளியும் வீடும் வேலையும் வேறு மொழியின் பக்கம் இழுக்கையில், ஓர் அலைவரிசை தனித்து நின்று மொழியைத் தாங்க இயலாது என்பதை இக்கணக்கு காட்டுகிறது. ஆயின் அவ்வலைவரிசை இல்லாதிருந்தால் இக்கணக்கு எங்கே நின்றிருக்கும் என்பதையும் எண்ணுதல் வேண்டும். 2008 முதல் 'குஞ்சு' எனப் பொருள்படும் பெயரால் மழலையர்க்கெனத் தனி ஒளிபரப்பே அங்கு நடைபெறுகிறது. வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசும் பெற்றோரின் குழந்தைக்கு வேல்சு மொழியின் முதல் ஓசை அதிலிருந்து கிடைக்கிறது.

தமிழ்நாட்டின் செய்தி வேறு, வேதனை வேறு. 1990களின் முற்பகுதியில் ஞாயிறுதோறும் நடுவணரசுத் தொலைக்காட்சியில் ஓநாய்கள் வளர்த்த மௌக்லியின் தொடர் வந்தது. கதை ஆங்கிலேயன் எழுதியது, படம் சப்பானியர் வரைந்தது, குரல் இந்தியினுடையது. தமிழ்க் குழந்தைக்கு உரியதாயிருந்தவை அதன் இரு கண்கள் மட்டுமே. 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தீக்குளித்தோரின் ஊர்களிலேயே, அதன் இந்திப் பாட்டைப் பொருளறியாது முணுமுணுத்த குழந்தைகள் இருந்தனர். அதைத் தடுக்கச் சட்டமன்றத் தீர்மானம் ஏதும் எழவில்லை. அதனை ஓர் ஊடுருவலாக எவரும் கருதவேயில்லை.

2007இல் 'சுட்டி' என்னும் நல்ல தமிழ்ப் பெயரோடு குழந்தைகட்கான தமிழ் அலைவரிசை வந்தபோது அக்குறை பெரிதும் நீங்கிற்று. தோராவும் அவள் குரங்கும் தமிழ் பேசினர். குள்ளநரியைத் தடுத்து நிறுத்தும் அவள் சொற்கள் தெருவெல்லாம் ஒலித்தன. தமிழால் இயலாது என்ற வாய்களை அக்குழந்தை நிகழ்ச்சியே அடைத்தது. அதைப் பாராட்டாதிருத்தல் நன்றியின்மையாகும். ஆயினும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் 2000இல் தொடங்கிய அத்தொடர், ஆங்கிலம் பேசும் குழந்தைகட்கு இசுப்பானியச் சொற்களைக் கற்பிக்க எழுதப்பெற்றது. பல நாடுகளுக்கு அது சென்றபோது இசுப்பானியத்தின் இருக்கையில் ஆங்கிலம் அமர்ந்துகொண்டது. குரல் மட்டும் வாங்குவோர் படத்தின் உள்நோக்கத்தையும் சேர்த்தே வாங்குகின்றனர்.

வரையும் கைகள் தமிழ்நாட்டில் இல்லை என்று எவரும் சொல்லற்க. சென்னையில் ஆக்கப்பெற்றுப் பாண்டவர் கதையைச் சொன்ன முழுநீள அசைவோவியப் படம் ஒன்று 2000ஆம் ஆண்டிலேயே வந்தது. அதற்கு நடுவணரசின் விருதும் கிடைத்தது: சிறந்த ஆங்கிலப் படம் என்று! சென்னையில் வரைந்த ஓவியம், சென்னை வாயால் ஆங்கிலம் பேசிற்று. கார்டிப்பில் வரைந்த கரடி வேல்சு மொழி பேசிற்று.

தமிழ்நாட்டரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகத்து மாதத்தில் தொடங்கிற்று. பாடங்களுக்கென ஏற்பட்டது அது. பள்ளிக்குச் செல்லுமுன்னரே மொழி கற்கும் மழலையர்க்கெனப் பதின்மூன்று சிறு படங்கள் கொண்ட ஒரு தொடரைத் தமிழிலேயே எழுதி, தமிழ்நாட்டிலேயே வரைந்து வெளியிடுமாறு அதனைக் கேட்கலாம். பள்ளிக்கல்வித் துறைக்கு மடல் எழுதுதற்குச் சூளுரையும் வேண்டா, உண்ணாநோன்பும் வேண்டா. எழுதுவோர் கதைகளையும் குறித்தனுப்புதல் நன்று. இல்லையேல் மீண்டும் பாண்டவரே வருவர். முல்லைக்குத் தேரீந்த பாரி உளன். நெல்லிக்கனியைத் தானுண்ணாது ஔவைக்கு அளித்த அதியமான் உளன். அறியாது முரசுகட்டிலில் ஏறி உறங்கிவிட்ட மோசிகீரனாரை வாளால் எறியாது, அவர் விழிக்குந்துணையும் அருகு நின்று கவரி வீசிய சேரன் உளன். கையில் வாளோடு வந்த மன்னன் விசிறி எடுக்கும் அக்காட்சி, பத்து நிமையப் படம் ஒன்றுக்குப் போதும். முதற்படமாக அதனையே கேட்கலாம்.